வேலூர்ல ஒரு நாள் ஃப்ரீயா இருக்கா? மகேந்திரவாடியா, திருமலையா, காவலூரா

வெளியூர்ல இருந்து வேலூருக்கு யார் வந்தாலும் கோட்டை, பொற்கோயில், ராத்திரி ஒரு பிரியாணி, அவ்ளோதான், மறுநாள் காட்பாடில ரயில் ஏறிடுறாங்க. எங்க அத்தை பையன் வந்திருந்தப்ப எத்தியோப்பியால இருக்குற லாலிபெலா வீடியோ ஒண்ண காட்டி, "பாரு மச்சான், பாறையவே குடைஞ்சு சர்ச் கட்டியிருக்கான்"னு வாய பொளந்தான். அது 12, 13ஆம் நூற்றாண்டுன்னு பொதுவா சொல்றாங்க. நம்ம பக்கத்துலயே 7ஆம் நூற்றாண்டுல குடைஞ்சது இருக்கு வாடான்னு மறுநாள் காலைல மகேந்திரவாடிக்கு கூட்டிட்டு போனேன்.

ரயில்ல போறவங்க ஒண்ணு கவனிங்க, சோளிங்கர் ஸ்டேஷன் சோளிங்கர் ஊர்ல இல்ல, பாணாவரத்துல இருக்கு. அதுவே நமக்கு நல்லதுதான், அங்க இருந்து மகேந்திரவாடி கிட்ட. தனியா கெடக்குற ஒரே பாறை, அதுக்குள்ள மகேந்திரவர்மன் பெருமாளுக்கு குடைஞ்ச கோயில். மகேந்திர விஷ்ணு கிருகம்னு கல்வெட்டுலயே பேர் இருக்கு, மகேந்திர தடாகம்னு ஏரிய பத்தியும் சொல்லுது. தூண் கீழயும் மேலயும் சதுரம், நடுவுல எட்டுப்பட்டை, சதுரத்துல தாமரை. கை வச்சு தடவிப்பாருங்க, பட்டையோட விளிம்பு இன்னும் விரல்ல தட்டுது. ஆனா சின்ன கோயில், அரை மணி நேரத்துல பார்த்து முடிச்சிடலாம். ஆள் நடமாட்டமே இல்லாம உக்காந்திருக்க பிடிக்கும்னா இதுதான் உங்க இடம், குழந்தைங்கள கூட்டிட்டு போனா போலாம் போலாம்னு இழுப்பாங்க.

திருமலை அப்படியில்ல. ஆரணிக்கும் போளூருக்கும் நடுவுல வடமாதிமங்கலம் பக்கம், இப்ப திருவண்ணாமலை மாவட்டம், ஆனா எங்களுக்கு பழைய வடாற்காடுதான். இது சமணக் கோயில், பாறைல செதுக்குன 16 அடி நேமிநாதர் (சமணத் தீர்த்தங்கரர்ல ஒருத்தர்), சிகாமணிநாதர்னு சொல்றாங்க, கிட்ட நின்னா கழுத்த நல்லா அண்ணாந்துதான் முகத்த பார்க்கணும். குந்தவை ஜினாலயம், அதாவது சோழ இளவரசி குந்தவை பேர்ல ஒரு சமணக் கோயில் இருக்கு, குகைல பழைய ஓவியம் இருக்கு. அதவிட எனக்கு பிடிச்சது ராஜேந்திர சோழன் கல்வெட்டு. அவர் கங்கை வரைக்கும் ஜெயிச்ச நாடெல்லாம் வரிசையா வருது, அதுல வங்காளதேசம்னு பேரே இருக்கு, ராஜாவோட இவ்ளோ பெரிய புகழ்ப்பாட்ட (மெய்க்கீர்த்தி) எல்லாம் சொல்லிட்டு கடைசில பார்த்தா விஷயம் என்னன்னா, நன்னப்பயன்னு ஒரு வியாபாரியோட மனைவி சாமுண்டப்பை இந்த கோயில்ல அணையாம எரியற ஒரு நந்தா விளக்குக்கு காசு குடுத்திருக்காங்க. ஆயிரம் வருஷம் முன்னாடி ஒரு பொம்பள குடுத்த விளக்குக்காசு, ராஜா பேரோட சேர்ந்து பாறைல நிக்குது! இத படிச்சு சொன்னதும் அத்தை பையன் ஃபோன உள்ள வச்சிட்டான். இன்னொண்ணு, இது செத்துப்போன இடம் இல்ல, சுத்துப்பட்டு ஊர்ல தமிழ் பேசுற சமணர்ங்க, நயினார்னு சொல்லுவோமே, இன்னிக்கும் வந்து கும்பிடுறாங்க. அதனால செருப்ப கழட்டிட்டு அமைதியா பாருங்க.

காவலூர் இதுங்களோட நேரடியா போட்டி போடாது, ஏன்னா அது வானத்த ஆராயுற இடம், ராத்திரிக்கானது. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறணும். 93 இன்ச் கண்ணாடி வச்ச வைணு பாப்பு டெலஸ்கோப், 1986ல ராஜீவ் காந்தி திறந்து வச்சது. 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது தெரிய வந்தப்ப இங்க இருந்தும் பார்த்து பதிவு பண்ணாங்க, 1988ல இங்க கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு கணித மேதை ராமானுஜன் பேர வச்சாங்க. சனிக்கிழமை சாயங்காலம்தான் பொதுமக்கள விடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுக்கோங்க, நாள் மாறலாம். பெரிய டெலஸ்கோப்புல கண்ண வச்சு பார்க்க முடியாது, சின்னதுலதான் காட்டுவாங்க. மேகம் போட்டா அதுவும் இல்ல. நாங்க ஒரு ஐப்பசில போயி மழைல நனைஞ்சு திரும்பி வந்தோம், மாசி மாசம் மறுபடி போனப்ப சனியோட வளையத்த பார்த்துட்டு என் பொண்ணு கண்ண எடுக்கவே இல்ல.

ஒரே நாள்தான்னா கண்ண மூடிட்டு திருமலைக்கு போங்க. சென்னைக்கு திரும்புற வழில அரை நாள் கிடைச்சா மகேந்திரவாடி. காவலூர தை, மாசி சனிக்கிழமைக்கு வச்சுக்கோங்க, ஸ்வெட்டர் மறக்காதீங்க, மலைல ராத்திரி குளிரும்.