ஃபீனிக்ஸ் ரியோ சலாடோ ஆற்றுப் பாதை: ஒரு டர்பன்காரரின் மதிப்பீடு

அரிசோனாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் முதலில் கிராண்ட் கேன்யனுக்குத்தான் கூட்டிப்போவார்கள். சரி, போய் வாருங்கள். ஆனால் ஃபீனிக்ஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கும் ரியோ சலாடோ ஆற்றங்கரைக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள், கட்டணம் எதுவும் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையிலும் சாட்ஸ்வர்த் பகுதியிலும் வெள்ளம் பார்த்த நம் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

அங்கே ஓடுவது சால்ட் ஆறு, ரியோ சலாடோ என்பது அதன் ஸ்பானியப் பெயர். 1911-இல் ரூஸ்வெல்ட் அணையைக் கட்டி முடித்தார்கள், தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியே வயலுக்கும் ஊருக்கும் போனது, நகரத்துக்குள் ஆறு வெறும் கல்லும் மணலுமாகக் கிடந்தது. அப்புறம் மணல் அள்ளினார்கள், குப்பை கொட்டினார்கள், பழைய டயர்களைக் குவித்தார்கள். ஆனால் அணை நிரம்பித் திறந்துவிட்டால் அதே ஆறு பாலங்களை அடித்துக்கொண்டு போகும். 1980 பிப்ரவரி வெள்ளத்தில் ஃபீனிக்ஸ் பகுதியில் ஆற்றைக் கடக்க இரண்டே பாலங்கள்தான் திறந்திருந்தன.

வறண்ட ஆறு, திடீர் வெள்ளம் இந்த இரண்டுக்கும் சேர்த்தே வழி செய்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நகராட்சியும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையும் 5 மைல் நீளத்துக்கு 595 ஏக்கரைச் சுத்தம் செய்து 2005-இல் திறந்தன. அகன்ற படுகையின் நடுவே சின்ன வெள்ளத்துக்கு ஒரு தாழ்ந்த வாய்க்கால், பெரிய வெள்ளம் வந்தால் பரவுவதற்கு இரண்டு பக்கமும் இடம், அதையொட்டிய மேடுகளில் காட்டன்வுட், வில்லோ, மெஸ்கீட் மரங்கள், அதற்கும் மேலே கரையில் நாம் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை. மெஸ்கீட் நம் வடக்கு கேப் மாகாணத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்க்கிற அந்நிய மரம், தமிழ்நாட்டுச் சீமைக் கருவேலமும் அதற்கு உறவுதான். அங்கே அது மண்ணின் மரம், தேனீக்கு அதன் பூ, காட்டு விலங்குக்கு அதன் காய்.

பறவை மட்டும் 200 வகைக்கு மேல் பதிவாகியிருக்கிறது. நான் நின்று பார்த்தது வளை ஆந்தையை. மண்ணுக்குள் குழாய் புதைத்து அதற்குச் செயற்கை வளை செய்து கொடுத்திருக்கிறார்கள். குழாய் வாயில் கையளவு ஆந்தை ஒன்று நீண்ட காலோடு நின்று, தலையை மட்டும் ஏற்றி இறக்கி எங்களை அளவெடுத்தது. தங்கை மகன் "மாமா, அசையாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

குறை என்றால் தண்ணீர். மரங்களும் குளங்களும் கிணற்றிலிருந்து இறைக்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் இருக்கின்றன, பம்பு நின்றால் பசுமையும் நிற்கும். பழைய ஆறு முழுதாகத் திரும்பிவிட்டது என்று நினைத்துப் போகாதீர்கள். அதற்காக அரைப் புள்ளி குறைத்து, ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

அந்த ஊரில் வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 200 மில்லிமீட்டர். 2022 ஏப்ரலில் நம் கடற்கரையோரம் சில இடங்களில் ஒரே நாளில் 300-ஐத் தாண்டியது, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் வெள்ளத்தில் இறந்துபோனார்கள். 1917-இல் உம்கேனி பெருகியபோது மாரிமுத்து படவட்டனும் கூட்டாளிகள் ஐந்து பேரும் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 1976-இலும் அதே ஆறு டின் டவுன் குடிசைகளுக்குள் புகுந்தது, அந்தக் குடும்பங்களைத்தான் நம் டர்பனில் இருக்கும் ஃபீனிக்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியில் குடியேற்றினார்கள். ஆறு எதுவரை வரும் என்று நூறு வருடமாகத் தெரிந்த ஊர் நம்முடையது. அந்த அகலத்தை ஆற்றுக்கே விட்டு, மரம் நட்டு, நடைபாதை போட்டால் என்ன? உம்கேனி முகத்துவாரத்தில் ப்ளூ லகூன் பக்கம் பீச்வுட் அலையாத்திக் காடு தயாராகவே இருக்கிறது, அங்கிருந்து மேல்நோக்கித் தொடங்கலாம்.

போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போங்கள், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். சென்ட்ரல் அவென்யூவில் 2009-இல் திறந்த ஆடுபான் பறவை, இயற்கை மையத்தில் தொடங்கினால் பிள்ளைகளுக்கு நல்லது. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்க வேண்டாம், பைனாகுலர் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.