நோட்டோ கரி அடுப்பு: விலை அதிகம், ஆனால் வாங்கலாம்

ஜப்பானின் கனசாவாவுக்குக் குடிவந்ததிலிருந்து ஆசைப்பட்ட ஷிச்சிரின் என்ற கரி அடுப்பை ஒருவழியாக வாங்கிவிட்டேன். நோட்டோ தீபகற்பத்தின் சுசூவில் டயட்டம் மண்ணைச் சுரங்கத்திலிருந்து உளியால் பாளமாக வெட்டியெடுத்து, அப்படியே குடைந்து, சூளையில் சுட்டுச் செய்வது. மண்ணைப் பொடித்து அச்சில் அழுத்திய ரகம் மலிவு. ஆனால் எனக்கு வெட்டு ரகம்தான் வேண்டும்.

இந்த மண் பெரும்பாலும் ஒற்றைச்செல் பாசிகளின் சிலிக்கா ஓடுகள்தான். அவற்றின் நுண்துளைகளில் காற்று நிற்பதால் சூடு எளிதில் வெளியே கடக்காது. ஒரு பிடி கரியிலேயே கத்திரிக்காய் தோல் கருகி வெடித்து, உள்ளே வெண்ணெயாகக் குழைந்துவிட்டது. அப்புறம் அதே தணலில் அப்பளமும் சுட்டோம். அடியில் உள்ள காற்றுவாசல் தகட்டை லேசாக நகர்த்தினாலே அனல் கூடிக் குறைகிறது. அருமையான வேலைப்பாடு.

இதே வகை மண் வேறு இடங்களிலும் உண்டு: கலிபோர்னியாவின் லொம்போக் மண் வடிகட்டிகளுக்குப் பேர்போனது. டென்மார்க்கின் ஃபூர் தீவு மண்ணில் களிமண் கலந்திருப்பதால் வெப்பம் தாங்கும் செங்கலாகிறது. நோட்டோ மண்ணிலும் களிமண் உண்டு, அதனால்தான் பாளமாக வெட்ட வருகிறது.

கவனம்: அடுப்பு தண்ணீரை உறிஞ்சும், கழுவக்கூடாது. தணலில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். வீட்டுக்குள் பற்றவைக்கவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆபத்து.

2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் சுசூ மிக மோசமாக அடிபட்டது. வாங்குவதாக இருந்தால் அந்த ஊரில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.