கால்வாய்ப் பூனைக்கு இனம் கண்டுபிடிக்க 190 வெள்ளி: மரபணுச் சோதனைப் பெட்டி பற்றி ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய கார் நிறுத்துமிடத்துக் கால்வாயிலிருந்து, மழை விடாமல் பெய்த ஒரு மாலையில் என் மகள் தூக்கிவந்த பூனைக்குட்டிக்கு, அதன் நிறத்தைப் பார்த்து வெல்லம் என்று பெயர் வைத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பழுப்பு. ஒரு மயிரைத் தனியே விலக்கிப் பார்த்தால் அடியில் வெளுப்பு, நடுவில் பழுப்பு, நுனியில் கறுப்பு. வால் நுனியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் அனுமதி வந்ததிலிருந்து எங்கள் புளோக்கில் பூனை நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. மின்தூக்கியில் சந்தித்த ஒருவர் அபிசீனியன் கலப்பு என்றார். என் மைத்துனர் கால்களில் தெரிந்த மங்கலான வரிகளைக் காட்டி, பெங்கால்தான் என்று அடித்துச் சொன்னார். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) மட்டும், "கால்வாய்ப் பூனை, வேறென்ன" என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு துண்டு மீனை வைத்தார். இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் ஆசையில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இணையத்தில் விற்கும் மரபணுச் சோதனைப் பெட்டியை 190 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கினேன்.

பெட்டிக்குள் இரண்டு பஞ்சுக் குச்சிகளும் அவற்றை இட்டு மூடும் குழாய்களும் திருப்பி அனுப்பும் உறையும் இருந்தன. சாப்பிட்ட உடனே மாதிரி எடுக்கக் கூடாது, குச்சியைக் கன்னத்தின் உட்புறத்தில் 15 விநாடி வைத்துத் தேய்க்க வேண்டும் என்று குறிப்புத்தாள் சொல்கிறது. வெல்லம் முதல் குச்சியின் பஞ்சை மூன்றாம் விநாடியிலேயே கடித்துப் பிய்த்துவிட்டது. மூன்று வாரம் கழித்து, மாதிரி போதவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. மாற்றுப் பெட்டியை இலவசமாகவே அனுப்பினார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முடிவு கைக்கு வர மொத்தம் பத்து வாரம் ஆயிற்று, அதற்குள் குட்டி இருமடங்கு வளர்ந்திருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குட்டியாக இருந்தால் தாயின் மரபணுவும் மாதிரியில் கலந்துவிடும் என்பதால், பால் மறந்த பிறகு எடுப்பதே நல்லது.

அறிக்கையின் முதல் பக்கம் வண்ண வட்டம் ஒன்றில் பர்மியப் பூனை 31 விழுக்காடு, சிங்கப்பூரா 22, சயாமீஸ் 17, பிரித்தறிய முடியாத கலப்பு 30 என்று காட்டியது. பெங்காலும் அபிசீனியனும் பட்டியலிலேயே இல்லாததால் மைத்துனர் வாயடைத்துப் போனார். நானும் ஒரு நாள் முழுவதும் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள்தான், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், இந்த எண்கள் எங்களிடம் உள்ள மாதிரிகளோடு உங்கள் பூனைக்குள்ள நெருக்கத்தைக் குறிப்பவை என்று எழுதியிருந்ததைப் படித்தேன். என் குறை இந்த ஒரு வரியைப் பற்றியதுதான். நெருக்கம் வேறு, வம்சம் வேறு. முதல் பக்கத்து வட்டத்தைப் பார்ப்பவர் எவரும் இதை வம்சம் என்றே எடுத்துக்கொள்வார்.

தெருப்பூனை என்பது பல சாதிப் பூனைகள் கூடிப் பிறந்த கலப்பு என்று நினைப்பது, நாய்களைப் பார்த்துப் பழகிய பழக்கம். பூனைகளில் நடந்தது பெரும்பாலும் தலைகீழ். லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் முதல் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது 1871இல். இன்று நாம் பெயர் சொல்லும் இனங்களில் மிகப் பல அதற்குப் பிறகு, அந்தந்த ஊர்த் தெருப்பூனைகளிலிருந்து பொறுக்கி எடுத்து வளர்க்கப்பட்டவை. பர்மிய இனம் 1930இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வோங் மாவ் என்ற ஒரே பெண்பூனையிலிருந்து தொடங்கியது. ஆகவே வெல்லத்துக்கு பர்மியச் சாயல் இருக்கிறதென்றால், ஈசூன் கால்வாயில் ஒரு பர்மியத் தாத்தா இருந்தார் என்று பொருளல்ல. வோங் மாவும் வெல்லமும் தென்கிழக்காசியாவின் அதே பழைய பூனைக் கூட்டத்தின் வாரிசுகள் என்பதே பொருத்தமான விளக்கம். வால் முடிச்சும் அப்படித்தான்: மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளின் வால் குட்டையாகவும் நுனியில் முடிச்சோடும் இருப்பதை டார்வின் 1868இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

சிங்கப்பூரா விழுக்காட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது. இத்தீவின் கால்வாய்களிலிருந்து கிடைத்தவை என்று சொல்லி ஓர் அமெரிக்கத் தம்பதி 1975இல் மூன்று பூனைகளைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் அந்த இனத்தை உருவாக்கினர். அதே மூன்று பூனைகளும் 1974இல் அமெரிக்காவிலிருந்துதான் இங்கே வந்திறங்கின என்பதைக் காட்டும் தாள்கள் பின்னர் வெளிப்பட்டன. மரபணு ஆய்வும் சிங்கப்பூரா பர்மிய இனத்துக்கு மிக நெருக்கமானது என்று காட்டியது. சிங்கப்பூராவின் சிலைகள் இன்றும் கேவனா பாலத்தருகே ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இனத்தை அளவுகோலாக வைத்து ஒரு நிஜமான சிங்கப்பூர்ப் பூனையை 22 விழுக்காடு சிங்கப்பூரா என்று சொல்வது, பேரனை வைத்துப் பாட்டியின் குலத்தைத் தீர்மானிப்பதற்கு ஒப்பாகும்.

இதைச் சரியாகச் செய்ய வழியில்லாமல் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மரபியல் ஆய்வகம் அமைத்த சோதனையில், பூனையை முதலில் உலகின் எட்டு நிலப்பகுதிகளைச் சேர்ந்த சாதாரணப் பூனைகளோடு ஒப்பிட்ட பிறகே இனங்களின் பக்கம் போகிறார்கள். நான் வாங்கிய பெட்டியில் அந்த முதல் படியே இல்லை.

உடல்நலப் பக்கங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாரசீகப் பூனைகளிடமும் அவற்றின் கலப்புகளிடமும் காணப்படும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கு, தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரே ஒரு பழுதுபட்ட மரபணுவே போதும். வெல்லத்திடம் அது இல்லை. இரத்த வகை ஏ என்றும் தெரிந்தது. பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தத்தை முதல் முறை ஏற்றினாலே உயிருக்கு ஆபத்து என்பதால், மருத்துவர் இதைத் தன் அட்டையில் குறித்துக்கொண்டார். தேவைப்படும் நாளில் எப்படியும் மறுபடி சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவேன் என்றும் சொன்னார்.

நீண்ட முடியும் சப்பை மூக்குமாக ஒரு குட்டி கிடைத்து, அதன் சிறுநீரகத்தைப் பற்றிய கவலை இருந்தால் இந்தப் பெட்டியை வாங்கலாம். இனம் அறிய மட்டும் என்றால் வேண்டாம். அந்த 190 வெள்ளியில் தடுப்பூசியைப் போட்டுவிடலாம். வெல்லத்தின் உரிமப் படிவத்தில் இனம் என்ற இடத்தில் உள்ளூர்க் குட்டை முடிப் பூனை என்றுதான் நிரப்பினேன். மக்சிக்கிடம் இன்னும் அறிக்கையைக் காட்டவில்லை.