கத்தரிக்கு ஒரு பொறி, மிளகாய்க்கு வேறு பொறி

உரக்கடையில் "பூச்சிக்கு ஒரு பொறி கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மஞ்சள் ஒட்டும் அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். விலை குறைவு. தொங்கவிட்டால் மறுநாளே கறுப்பு கறுப்பாகப் பூச்சி ஒட்டியிருக்கும், நமக்கும் திருப்தி. ஆனால் கத்தரியில் காய்ப்புழுவைக் கண்காணிக்க அதை வாங்கியிருந்தால் காசு வீண். அந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி ராத்திரி பறக்கிறது. மஞ்சளைத் தேடி அது வராது.

அதற்கு இனக்கவர்ச்சிப் பொறிதான் வேண்டும். பெண் பூச்சி விடும் வாசனையைச் செயற்கையாகச் செய்து ஒரு சின்ன ரப்பர் குப்பியில் ஏற்றியிருப்பார்கள், இதைத்தான் லூர் என்கிறோம். அதை நம்பி ஆண் பூச்சி வந்து மாட்டும். கத்தரித் தண்டு, காய்த்துளைப்பானுக்கு ஒரு லூர், தக்காளிப் பச்சைக் காய்ப்புழுவுக்கு வேறொன்று, புரோடீனியா என்கிற புகையிலை வெட்டுப்புழுவுக்கு இன்னொன்று. ஒன்றின் லூருக்கு மற்றது திரும்பிக்கூடப் பார்க்காது. இதன் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். மாட்டியது என்ன பூச்சி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் வயலில் வேறு என்ன நடக்கிறது என்று அது ஒரு வார்த்தை சொல்லாது.

கத்தரியில் இதன் அருமை தனி. முட்டை பொரிந்த சில மணி நேரத்திலேயே புழு குருத்துக்குள் புகுந்துவிடும். அப்புறம் எந்த மருந்து அடித்தாலும் அதன் மேல் படாது. தலை தொங்கிய நுனித்தண்டைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்புப் புழு, பின்னால் அது தின்று கழித்த எச்சம். இதைப் பார்த்துத்தான் மருந்து தேடுகிறோம் என்றால் நேரம் போய்விட்டது. பொறியில் வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டு உள்ள அந்துப்பூச்சி விழத் தொடங்கினாலே முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். அந்த முன்னறிவிப்பை ஒட்டும் அட்டை தராது.

ஏக்கருக்கு 5 பொறி என்பது கண்காணிப்புக்கான கணக்கு. இந்த ஐந்தே புழுவை ஒழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விழுவது ஆண்கள் மட்டும், தப்பிய ஆண்களே இனம் பெருகப் போதும். செடி வளர வளரப் பொறியையும் உயர்த்த வேண்டும், லூரை ஒரு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். ஒரு லூரைத் தொட்ட கையோடு இன்னொன்றைத் தொட்டால் வாசனை கலந்துவிடும். விழுந்ததை எண்ணி எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் போன வாரத்துப் பூச்சியும் இந்த வாரக் கணக்கில் சேரும்.

சரி, மஞ்சள் அட்டைக்கு வேலையே இல்லையா? நிறைய உண்டு. வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சி, இலைத் துளைப்பான் ஈ எல்லாம் அதற்கு வரும். தக்காளியில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இலையில் வெள்ளைக் கோடு பாம்பு போல நெளிந்து ஓடினால் அது இலைத் துளைப்பான் ஈயின் வேலை, மஞ்சள் அட்டை போதும். கோடாக இல்லாமல் திட்டுத் திட்டாகக் காகிதம் போல் வெளுத்து, காயிலும் குண்டூசித் துளை தெரிந்தால் அது ஊசிப்புழு. 2014-இல் மகாராஷ்டிராவில் முதலில் தென்பட்டு நாடெங்கும் பரவியது. அதற்குத் தனி லூர் உண்டு. அட்டையின் பெரிய குறை, நமக்கு நன்மை செய்யும் பொறிவண்டையும் குளவியையும் சேர்த்தே பிடித்துவிடும். ஆகவே தேவைக்கு மேல் தொங்கவிடக் கூடாது.

விளக்குப் பொறியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய்கறி வயலுக்கு அது கடைசித் தேர்வு. எல்லாம் வந்து விழும், பிரித்துப் பார்ப்பதற்குள் விடிந்துவிடும். வைத்தால் மாலை 6 முதல் 10 மணி வரை போதும்.

மிளகாயில் கதை வேறு. இலைப்பேனுக்கு மஞ்சளை விட நீல அட்டை மேல். 2021-இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைச் சூறையாடிய கறுப்பு இலைப்பேன் பூவுக்குள் உட்கார்ந்திருக்கும். பூவை வெள்ளைக் காகிதத்தில் தட்டினால் கரிய கீற்றுகள் ஓடுவது தெரியும். பழைய இலைப்பேன் வைக்கோல் நிறம், இலையில் இருக்கும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் முரணைச் சிலந்தி, அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உயிரி. சிலந்திக்கு இறக்கை கிடையாது, எந்த அட்டையிலும் ஒட்டாது. கையில் பூதக்கண்ணாடியோடு இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் ஒரே வழி. இதற்கு எந்தக் கடையிலும் பொறி விற்பதில்லை.

என் கணக்கு இதுதான். கத்தரி, தக்காளி போட்டவர் முதல் காசை லூருக்குச் செலவழிக்கட்டும், அட்டை இரண்டாவது. மிளகாய்க்கு நீல அட்டையும் வெள்ளைக் காகிதமும். வெண்டைக்கு மஞ்சள் அட்டை முன்கூட்டியே வேண்டும், ஏனென்றால் அங்கே வெள்ளை ஈ சாறு உறிஞ்சுவதை விட மஞ்சள் நரம்புத் தேமல் என்கிற வைரஸ் நோயைப் பரப்புவதுதான் பெரிய நஷ்டம். அட்டையில் ஈ ஏறத் தொடங்கினால் எண்ணிக்கை கூடட்டும் என்று காத்திருக்காமல், தேமல் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்கி வயலை விட்டு வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.