மாஃபியா 3: ஐந்து மணி நேரம் விருந்து, மீதியெல்லாம் கிடங்கு வேலை

மாஃபியா 3 வீடியோ கேமில், அதன் நாயகன் லிங்கன் க்ளேயை வைத்துக்கொண்டு சும்மா ஊர் சுற்றும்போது ஒரு கடைக்குள் நுழைந்தேன். கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகை தொங்கியதை நான் கவனிக்கவில்லை. உள்ளே இருந்த ஆள் வெளியே போ என்றார். என்னதான் செய்வார் பார்ப்போம் என்று நகராமல் நின்றேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார், சொன்னபடி கூப்பிட்டும் விட்டார். நான் எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, துப்பாக்கியைக்கூட வெளியே எடுக்கவில்லை. ஆனாலும் இரண்டு தெரு தாண்டுவதற்குள் பின்னால் சைரன் சத்தம். இதற்கு கட்சீன் (கேம் நடுவே ஓடும் சினிமாக் காட்சி) கிடையாது, மிஷன் கிடையாது, சோக வயலின் இசை கிடையாது. 1968-இல் அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கறுப்பினத்தவன் தெருவில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதை ஒரே நிமிஷத்தில் உடம்பில் ஏற்றிவிட்டார்கள்.

இதே கேம்தான், அடுத்த நாள் ராத்திரி, நான் ஏற்கெனவே காலி செய்துவிட்டு வந்த அதே கிடங்குக்குத் திரும்பப் போய் அதே படிக்கட்டில் ஏறி அதே மூலையில் நிற்கும் இன்னொரு அடியாளைக் குத்து என்றது. குத்தினேன். அப்புறம் ஊரின் அடுத்த பகுதிக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான்.

மாஃபியா 3 வெளியானது 2016 அக்டோபர் 7. அதற்கு முந்தைய இரண்டு பாகங்களையும் செக் நாட்டு ஆட்கள் எடுத்தார்கள். இதை எடுத்தது ஹேங்கர் 13 என்ற ஸ்டுடியோ, அவர்களுக்கு இதுதான் முதல் கேம். வெளியிட்டது 2கே நிறுவனம். வந்தபோது விமர்சகர்கள் தந்த சராசரி மதிப்பெண் நூற்றுக்கு அறுபதுகளில் நின்றது. நான் அப்போது ஆடவில்லை, பின்னால் பாதி விலைக்கும் கீழே தள்ளுபடியில் வந்தபோதுதான் எடுத்தேன், முடித்தேன், போன மாதம் மறுபடி ஆரம்பித்தேன். அந்த அறுபது சொச்சம் சரியான மதிப்பெண்தான், ஆனால் அதைப் போல ஏமாற்றுகிற மதிப்பெண்ணும் கிடையாது. எல்லாப் பாடத்திலும் அறுபது வாங்குகிற பிள்ளை வேறு, இங்கிலீஷில் தொண்ணூற்றெட்டும் கணக்கில் முப்பதும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற பிள்ளை வேறு. இது இரண்டாவது ரகம். அந்தப் பிள்ளையிடம்தான் நமக்குக் கோபம் அதிகம் வரும், ஏனென்றால் அதற்கு மூளை இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

முதலில் அந்தத் தொண்ணூற்றெட்டைச் சொல்லிவிடுகிறேன்.

ஊர் பெயர் நியூ போர்டோ. கற்பனைப் பெயர், ஆனால் நியூ ஆர்லியன்ஸ் என்பது பார்த்தவுடன் தெரியும். லிங்கன் ஓர் அனாதை, வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவன், டெல்ரே ஹாலோ என்ற கறுப்பினப் பகுதியில் சாமி ராபின்சன் என்ற தாதா வளர்த்த பிள்ளை. மார்டி க்ரா திருவிழா அன்று இத்தாலிய டான் சால் மார்கானோவோடு கூட்டுச் சேர்ந்து அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வைக் கொள்ளையடிக்கிறார்கள். வெளியே ஊர்வலம், உள்ளே கொள்ளை. அது முடிந்து எல்லோரும் குடித்துக் கொண்டாடும் வேளையில் மார்கானோ கூட்டம் முதுகில் குத்துகிறது. சாமியும் அவர் மகனும் காலி, லிங்கனின் தலையில் தோட்டா. பிழைத்து எழுகிறான், தலையில் அந்தத் தழும்போடு. கதை இவ்வளவுதான், பழிவாங்கல் கதை, நம் ஊர் சினிமாவில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! மொத்தக் கதையையும் ஓர் ஆவணப்படம் மாதிரி சொல்கிறார்கள். வயதாகித் தளர்ந்த ஃபாதர் ஜேம்ஸ் கேமராவைப் பார்த்து, அந்தப் பையனை நான் தடுத்திருக்கலாமோ என்கிற மாதிரி பேசுகிறார். இன்னொரு பக்கம் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் ஆள் ஜான் டோனவன் செனட் கமிட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு கொஞ்சமும் வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். அந்த டோனவன் வாயைத் திறந்தாலே நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். கட்சீனைத் தாண்டிவிட்டுப் போகிற ஆள் நான், இதில் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை.

பாட்டு வேறு. அறுபதுகளின் நிஜப் பாட்டுகள், நூற்றுக்கு மேல், உரிமை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மழை பெய்யும் ராத்திரி, சதுப்பு நிலத்தை ஒட்டிய ரோடு, ஒரு பெரிய பழைய அமெரிக்கக் கார், ரேடியோவில் ரோலிங் ஸ்டோன்ஸ். மிஷனுக்குப் போகாமல் அப்படியே இரண்டு பாட்டு முடியும்வரை ஓட்டியிருக்கிறேன். வண்டி ஓட்டுவதும் நன்றாக இருக்கிறது, ஒவ்வொன்றும் எருமை மாதிரி கனமாக வளைகிறது.

போலீஸ் விஷயத்தையும் சொல்லவேண்டும். பணக்கார வெள்ளையர் பகுதியில் ஒரு தப்புச் செய்தால் நிமிஷத்தில் வண்டிகள் வந்து குவிகின்றன. டெல்ரே ஹாலோவில் அதே தப்பைச் செய்தால் ஆற அமர வருகிறார்கள். தப்பே செய்யாமல் போலீஸ்காரர் பக்கத்தில் நடந்து போனாலும் அவர் உன்னைத்தான் கவனிக்கிறார் என்று மேப்பில் காட்டும். இதை யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை, ஆடுகிறவன் தானாகத் தெரிந்துகொள்கிறான். கேம் என்ற வடிவத்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. இதை யோசித்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

சரி, இப்போது கணக்குப் பாடம்.

ஆரம்ப மிஷன்கள் முடிந்து ஊர் திறந்ததும் கேம் தன் நிஜ முகத்தைக் காட்டும். நகரம் ஒன்பது பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் மார்கானோவின் ஆள் ஒருவர், அவருக்குக் கீழே இரண்டு சட்டவிரோதத் தொழில்கள். ஹெராயின், விபசாரம், கள்ளச்சாராயம் என்று பெயர் மட்டும் மாறும். நீ போய் அந்தத் தொழிலுக்கு இத்தனை டாலர் நஷ்டம் உண்டாக்க வேண்டும். எப்படி? சரக்குப் பெட்டிகளை உடை, அடியாளைக் கொல், பணத்தை எடு. நஷ்டக் கணக்கு முடிந்தால் அந்தத் தொழிலை நடத்துகிறவர் தலை காட்டுவார், அவரைக் கொல்லலாம், இல்லை நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். அவர் எங்கே தலை காட்டுவார் என்றால், பல நேரம், நீ அரை மணி நேரம் முன்பு அடித்து நொறுக்கிய அதே இடத்தில். இப்படி இரண்டு தொழிலையும் முடித்தால்தான் அந்தப் பகுதியின் பெரிய ஆளை நெருங்கும் உண்மையான கதை மிஷன் திறக்கும்.

அந்த மிஷன்கள் அபாரம், அதுதான் வயிற்றெரிச்சல். மூடிக் கிடக்கும் கேளிக்கைப் பூங்காவில் ஒரு சண்டை, நீராவிப் படகில் விருந்து நடக்கும்போது மார்கானோ குடும்பத்து லூவைத் தேடிப் போவது, இதெல்லாம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அப்படி இருபது நிமிஷ மிஷன் ஒன்றைப் பார்க்க இரண்டு மணி நேரம் மூட்டை தூக்கவேண்டும். கல்யாண வீட்டில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நடுவே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வா என்றால் யார் சாப்பிடுவார்கள்?

சண்டையாவது மாறி மாறி இருந்தால் பொறுக்கலாம். ஸ்டெல்த், அதாவது மறைந்திருந்து தாக்குவது, என்ற பெயரில் இங்கே இருப்பது விசில். சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு விசில் அடித்தால் ஓர் அடியாள் 'என்ன சத்தம்' என்று தனியாக வருவான். குத்து. மறுபடி விசில். அடுத்தவன் வருவான், காலடியில் முன்னவன் கிடப்பதைத் தாண்டி வந்து கத்தியை வாங்கிக்கொள்வான். ஒரு தடவை ஒரே கதவுக்குப் பின்னால் ஏழு பேரைக் குவித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். ரேஷன் கடை வரிசைகூட இவ்வளவு ஒழுங்காக வராது. இந்த ஏழு பேரின் முதலாளியைப் பார்த்துத்தான் ஊரே நடுங்குகிறது என்று கதை சொல்கிறது!

அப்புறம் அந்த ஃபியூஸ். ஒவ்வொரு பகுதியிலும் தொலைபேசி இணைப்புப் பெட்டிகள் இருக்கும். அதை நெம்பித் திறந்து ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தால் அந்த வட்டாரத்து எதிரிகள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். உருப்படியான யோசனைதான். ஆனால் அதற்கு டிஎல்-49 என்ற ஃபியூஸ் வேண்டும், அதை ஊர் முழுக்கப் பொறுக்கிச் சேர்க்கவேண்டும். பெட்டியில் அந்தச் சின்ன மினிகேமை எத்தனை தடவை ஆடினேன் என்ற கணக்கை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். சிஐஏ ஆள் கூடவே இருக்கிறார், அவர் கையில் நாலு ஃபியூஸ் இல்லையா?

ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சட்டென்று தாவும் வசதியும் கிடையாது. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டிப் போய், ஒரு நிமிஷம் பேசிவிட்டு, திரும்ப அதே தூரம் ஓட்டவேண்டும். நான் மேலே புகழ்ந்த மழை ராத்திரி டிரைவ்தான் இது, பதினைந்தாவது தடவை வேறு மாதிரி இருக்கிறது.

லிங்கனுக்குத் துணைத் தலைவர்கள் மூன்று பேர் உண்டு: ஹைத்தியக் கும்பலின் காஸாண்ட்ரா, இரண்டாம் பாகத்தின் நாயகன் வீட்டோ, ஐரிஷ்காரர் பர்க். பிடித்த பகுதியை இவர்களில் யாருக்காவது பங்கு பிரித்துத் தரவேண்டும். ஒருவருக்கே தொடர்ந்து கொடுத்தால் மற்றவர் முறைப்பார், ரொம்பவும் ஒதுக்கினால் எதிரியாகவே மாறிவிடுவார். பங்காளிச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இது அத்துப்படி. மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, யார் பக்கம் கை நீட்டுவது என்று யோசிக்கும் அந்த நிமிஷம் கேமிலேயே நல்ல பதற்றமான நிமிஷங்களில் ஒன்று. இந்தப் பங்கு பிரிப்பை நடுவில் வைத்து மொத்தக் கேமையும் கட்டியிருக்கலாம். மேஜையை விட்டு எழுந்ததும் மறுபடி கிடங்கு.

வெளியான நேரத்தில் இன்னும் மோசம். கணினியில் ஆடினால் விநாடிக்கு 30 ஃபிரேம்தான் (திரையில் 30 படம்தான்) என்று பூட்டி அனுப்பினார்கள், எவ்வளவு விலைக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தாலும் அவ்வளவுதான். சத்தம் கிளம்பிய பிறகு சில நாளிலேயே அதைத் திருத்தும் பேட்ச் வந்தது. லிங்கன் உடை மாற்றிக்கொள்ளும் வசதிகூடப் பின்னால்தான் வந்தது. வானத்தில் வெளிச்சம் திடீர் திடீரென்று மாறும். காரின் பின்பக்கக் கண்ணாடியில் தெரியும் ரோடு வேறு ஏதோ ஊர் ரோடு. இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக் என்கிற இந்தப் பிழைகளைத் திருத்தலாம், திருத்தினார்கள். கிடங்கை எந்த பேட்ச்சாலும் திருத்த முடியாது, ஏனென்றால் அது பிழை இல்லை, அதைத்தான் திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. அந்தக் காலகட்டத்தில் கேம் சின்னதாக இருந்தால் அடி விழும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. 2015-இல் தி ஆர்டர்: 1886 வந்தது, பார்க்க ஓவியம், சட்டென்று முடிந்துவிடும், அதற்காகவே வாங்கிக் கட்டிக்கொண்டது. (அதில் ஆடுவதற்கே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம், அதுவும் நடுத்தரம்தான், ஆனால் நேர் எதிர் வழியில்.) அந்தப் பயத்துக்கு நாமும் காரணம். கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் என்று முதல் கேள்வி கேட்பவன் நானும்தான். கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரக் கதையை இழுத்து, முப்பது மணி நேரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, சாம்பாரை ரசமாக்கி.

இது வெறும் ஊகம் இல்லை என்று எனக்குத் தோன்றக் காரணம், அதே ஹேங்கர் 13 அப்புறம் செய்தது. 2020-இல் முதல் மாஃபியாவைப் புதிதாக எடுத்தபோது கிடங்கும் இல்லை, ஃபியூஸும் இல்லை, மிஷன் முடிந்தால் அடுத்த மிஷன். 2025 ஆகஸ்டில் வந்த தி ஓல்ட் கன்ட்ரியும் அதே நேர்க்கோட்டுப் பாதைதான், அதை முழு விலைக்கு விற்காமல் 50 டாலருக்குக் கொடுத்தார்கள். இந்த இரண்டிலும் என்னை அலுக்க வைத்த மணி நேரம் மிகக் குறைவு. ஆனால் ஒன்று, இரண்டிலும் அந்தக் கடைக்காரர் மாதிரி ஒருவர் என்னை நிறுத்தி வைக்கவில்லை. நியூ போர்டோவில் இருந்த தைரியம் அவற்றில் இல்லை. அதனால்தான் மூன்றாம் பாகத்தைத் திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன்.

இன்றைக்கு வாங்கலாமா என்றால், டெஃபினிட்டிவ் எடிஷன் தள்ளுபடியில் வரும்போது வாங்கலாம், பின்னால் வந்த கூடுதல் கதைகள் (டிஎல்சி) மூன்றும் அதிலேயே அடக்கம். முழு விலைக்கு வேண்டாம். வாங்கினால் ஒட்டுக்கேட்கும் பெட்டிகளைக் கண்டுகொள்ளாதீர்கள், இசைத்தட்டு அட்டை, பழைய பத்திரிகை என்று சிதறிக் கிடப்பதைப் பொறுக்காதீர்கள், துணைத் தலைவர்கள் தரும் கூடுதல் வேலைகளைத் தொடவே தொடாதீர்கள், எல்லாம் ஒரு வண்டியை அங்கிருந்து இங்கே ஓட்டி வரும் வேலைதான். நஷ்டக் கணக்கு முடிந்த அந்த நிமிஷமே கிடங்கை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தொழிலுக்கு மேல் உடைக்கவேண்டாம், கை வலிக்காவிட்டாலும் மனசு வலிக்கும். பங்கு பிரிக்கும்போது மூவருக்கும் சமமாகக் கொடுத்துவிடுங்கள். நான் முதல் தடவை வீட்டோமேல் இருந்த பழைய பாசத்தில் அவருக்கே வாரி வழங்கினேன், காஸாண்ட்ரா ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.