அப்பாவின் 'ரு'

அப்பா எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் 'பத்திரமா இரு' என்று முடியும். அவர் போய் ஒரு வருடம் நிறைந்த அன்று அந்த இரண்டு சொல்லையும் முன்கையில் பச்சை குத்திக்கொண்டேன்.

குத்திவிட்ட பெண் முதலில் எழுத்துகளை நேராக்கி ஸ்டென்சில் எடுத்திருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் அதில் அப்பா இல்லை. அவருடைய 'ரு'வின் வால் கடைசியில் லேசாக நடுங்கும். சொன்னதும் முகம் சுளிக்காமல் அழித்துவிட்டு, கடிதத்தின் மேலேயே டிரேசிங் தாளை வைத்து அந்த நடுக்கத்தோடு வரைந்தார். எழுத்தைப் பொடிசாக்கச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார். நாளாக ஆக மை தோலுக்குள் கொஞ்சம் பரவும், சுழிகள் அடைந்துபோகும் என்றார். அந்தப் பிடிவாதத்துக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

புது ஊசியை என் கண்முன்தான் உறையிலிருந்து பிரித்தார். அது இறங்குவது 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம்தான். மணிக்கட்டை நெருங்கும்போது சுரீரென்றது. 'ரு' வந்தபோது அழுதுவிட்டேன். மெஷினை நிறுத்தி, எதுவும் கேட்காமல் காத்திருந்தார்.

ஒரே குறை, பாட்டுச் சத்தம். இப்படி ஒரு காரியத்துக்கு வருகிறவர்களுக்கு அமைதி வேண்டும். நான் கேட்ட பிறகுதான் குறைத்தார்கள்.

ஆறும்வரை வெயிலும் நீச்சலும் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் எல்லாம் உதிர்ந்துவிட்டது. வாலில் அந்த நடுக்கம் அப்படியே இருக்கிறது.