ஆர்க் பிளாஸ்மா மாட்யூல்: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டிக் (TIG) வெல்டிங் ஆர்க்கைக் கணினியில் மாதிரி செய்வது என் வேலை. டங்ஸ்டன் முனைக்கும் உலோகத்துக்கும் நடுவே, ஆர்கான் போன்ற வாயுவில் எரியும் மின்வில்தான் இந்த ஆர்க்; அதில் வாயு சூடேறி மின்சாரம் கடத்தும் பிளாஸ்மாவாகிவிடும். அதற்காக வாங்கிய பிளாஸ்மா மாட்யூல் என்ற மென்பொருளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெயர் போடவில்லை. ஏதாவது சிக்கல் என்றால் நாளைக்கும் அவர்கள் சப்போர்ட்டில்தான் போய் நிற்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்னோட்டம், காந்தவிசை, வாயு ஓட்டம் மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் கன்வெர்ஜ் ஆகின்றன, அதாவது ஒரு நிலையான விடைக்கு வந்து சேர்கின்றன. நானே எழுதி வைத்திருந்த பழைய புரோகிராமில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கணக்கு வெடித்து நின்றுவிடும். அந்த நிம்மதிக்கே பாதிப் பணம் தரலாம்.

வம்பு கதிர்வீச்சில்தான். ஆர்கானின் நிறமாலைக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தால் ஆயுசு போதாது. அதனால் பெரும்பாலோர் நிகர உமிழ்வுக் கெழுவைப் பிடித்துக்கொள்வோம். ஒரே வெப்பநிலையில் ஒரு பிளாஸ்மா உருண்டை இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் மையத்திலிருந்து எவ்வளவு ஒளி தப்பிப் போகிறது என்று சொல்லும் எண் அது. உருண்டையின் ஆரம் 0 என்றால் எதுவும் உறிஞ்சப்படாது. 1 மி.மீ. என்று வைத்தாலே புற ஊதாவில் உள்ள வலுவான கோடுகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கெழு பல மடங்கு இறங்கிவிடும்.

இந்த மாட்யூலோடு வரும் ஆர்கான் அட்டவணையில் இரண்டே பத்திகள்: வெப்பநிலை, உமிழ்வு. ஆரம் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை, மேனுவலிலும் இல்லை.

1983-இல் ஷூ, எடெமாடி, ஃபென்டர் மூவரும் வெளியிட்ட 200 ஆம்பியர், 10 மி.மீ. நீள ஆர்கான் ஆர்க்கை வைத்துச் சோதித்தேன். கேதோடு (எதிர்மின்முனை) அருகே 20,000 கெல்வினைத் தாண்ட வேண்டும். எனக்கு அதற்கு வெகு கீழே நின்றது. கேதோடு முனைக் கோணம்தான் காரணம் என்று மூன்று வாரம் அதையே சீவிக்கொண்டிருந்தேன். கடைசியில் அட்டவணையை வெளியான வளைவுகளின் மேல் வரைந்து பார்த்தால், ஆரம் 0 வளைவின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! ஒளி எல்லாமே தப்பிப் போவதாகக் கணக்கிட்டதால்தான் ஆர்க் குளிர்ந்திருக்கிறது. 1 மி.மீ. அட்டவணையைப் போட்டு ராத்திரி ஓட விட்டேன். காலையில் சரியாக இருந்தது.

சூடான நடுப்பகுதி விடும் ஒளியைக் குளிர்ந்த ஓரம் வாங்கிக்கொள்வதை இந்தக் கெழு காட்டாது. அதற்கு ஒளி எங்கே போய் உறிஞ்சப்படுகிறது என்று கணக்கிடும் இரண்டு முறைகள் உள்ளே இருக்கின்றன: திசைகளைச் சுருக்கிச் சராசரியாகப் பார்க்கும் பி1, திசை திசையாகக் கணக்கிடும் டிஸ்கிரீட் ஆர்டினேட்ஸ். ஆறு அலைவரிசைப் பட்டைகளுக்கு பி1-இல் ஆறு சமன்பாடுகள். மற்றதில் 32 திசைகள் வைத்தால் 192. பி1 ஒரு ராத்திரியில் முடிந்தது. மற்றது பொங்கல் விடுமுறை முழுக்க ஓடியது. நடுப்பகுதியில் பெரிய வித்தியாசம் இல்லை, ஓரத்தில்தான். வெல்டிங்குக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பது என் எண்ணம். சர்க்யூட் பிரேக்கர்காரர்களுக்கு அப்படி இல்லை. அங்கே டெஃப்லான் நாசிலின் சுவரை ஆவியாக்குவதே இந்தக் கதிர்வீச்சுதான்.

அப்புறம் இரும்பு ஆவி. எஃகு உருகும்போது அது கொஞ்சம் ஆர்க்கில் கலந்தாலும் கதிர்வீச்சு எகிறும். அதற்கு அட்டவணையே தரவில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

லைசன்ஸ் மார்ச்சில் முடிகிறது. இரும்பு அட்டவணையைத் தந்து, ஆரத்தையும் அச்சிட்டால் புதுப்பிக்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். இதுவரை வந்த ஒரே பதில், விலைப்பட்டியல்.